ரோடும் ஐந்து பொத்தானும்

ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு, ஒரு கையில் பிரஷ், மறு கையால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார் பெயின்டர். மேலிருந்து கீழாக ஒரு சாண் தழும்பு, தொப்புளை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது. "ரோடு போட்ட மாதிரி இல்ல? நடுவுல தொப்புள் வந்துடுச்சு, வளைச்சு விட்டுட்டாங்க. ரவுண்டானா!"

எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாளே இது நடந்துவிடும். ஐம்பத்தாறு வயது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, வயிற்றைத் திறந்து எடுத்து மூன்று வருடமாகிறது. நோயின் பெயரை அவர் தணிந்த குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. "கேன்சர்னு சத்தமா சொல்லணும் சார். முணுமுணுத்தா அதுக்கு ரொம்ப மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும்." சுவர் காயும்வரை பாடுவார். ராகமெல்லாம் சொந்தத் தயாரிப்பு.

இவருடைய தம்பி எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி. கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அண்ணன் அவரை விடவில்லை. தம்பியோ இரண்டு வருடம் டிமிக்கி கொடுத்தார். போன வருடம் ஒருநாள் பெயின்டர் பள்ளிக்கே வந்து, வகுப்பு வாசலில் மடக்கு ஏணியை விரித்து உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "இவன் டாக்டர்கிட்ட வர்றேன்னு சொல்ற வரைக்கும் எறங்க மாட்டேன்." பிள்ளைகள் கைதட்டினார்கள். வாத்தியார் போனார்.

கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் தம்பிக்கும் கட்டி இருந்தது. சின்னது. வயிற்றில் துளை போட்டே எடுத்துவிடலாம், உள்ளே சிக்கலாக இருந்தால் பாதியில் திறக்கவும் வேண்டிவரலாம் என்றார் டாக்டர். வாத்தியாருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"துளை வழியா முழுசா எடுக்க முடியுமா டாக்டர்? திறந்தாத்தானே நல்லாத் தெரியும்?"

"உள்ள செய்யற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான். வாசல்தான் வேற."

"நான் பெரிய வாசல்காரன், நல்லாத்தானே இருக்கேன்?" என்றார் அண்ணன். "உனக்குத் திறந்தாலும் திறக்கட்டும்டா. ரெண்டு பேருமா ரோடு காட்டலாம்."

அண்ணனுக்கு இரண்டரை மணி நேரத்தில் முடிந்த அறுவை. தம்பிக்கு நான்கு மணி நேரம் தாண்டியும் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் பெயின்டரோடு நானும் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவர், "ரெண்டாவது கோட் ஒழுங்கா அடிக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு நர்ஸ் வந்து, துளையிலேயே முடிந்துவிட்டது என்றார்.

மறுநாளே தம்பி வராந்தாவில் நடக்க, அண்ணனுக்குப் பொறாமை தாங்கவில்லை. "இருமறதுக்கே நான் தலகாணிய வயித்துல அமுக்கிக்கிட்டுக் கெடந்தேன். பத்து நாள்! இவன் நாலாம் நாள் வீட்டுக்குப் போறானாம். அஞ்சே ஓட்டை. சட்டைக்கே அதைவிட ஜாஸ்தி பொத்தான் வைப்பாங்க."

"தோள்பட்டை வலிக்குதுண்ணே. வயித்துக்குள்ள காத்து ஏத்துனாங்கல்ல, அதனாலயாம்."

"காத்துதானே, கெளம்பிடும். நாங்க வேணா வெளிய நிக்கிறோம்."

மூன்றாம் வாரம் ஆய்வக முடிவு வாங்க அவர்களை நான்தான் காரில் அழைத்துப் போனேன். டாக்டர் தாளைப் புரட்டினார். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. நோய் முதலில் பரவக்கூடிய பக்கத்து நெறிக்கட்டிகள் பதினாறை எடுத்துப் பார்த்ததில் ஒன்றிலும் இல்லை. கீமோ மருந்து ஏற்றத் தேவையில்லை. தவறாமல் வந்து காட்டினால் போதும்.

வாத்தியார் நம்பாமல் கேட்டார்: "பதினாறுலயுமா?"

பெயின்டர் குனிந்தார். தம்பியை முழங்காலோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினார். வாத்தியாரின் செருப்பு ஒன்று கழன்று மேசைக்கடியில் விழுந்தது. "ஐயோ, தையல்!" என்று டாக்டர் எழுந்தேவிட்டார்.

"யார் தையல் டாக்டர், என்னுதா, அவனுதா?" என்று கேட்டாரே தவிர, அண்ணன் இறக்கிவிடவில்லை.