கிழக்கே கட்டாத குழாய்

தலைவருக்கு அடுத்த கூட்டத்துக்கான பேச்சை எழுதிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. “மாமா மவுத்தாயிட்டாங்க அண்ணே” என்றார் சாதிக் பாயின் மருமகன். பாய் இறந்துவிட்டார். பேனாவை மூடி வைத்தேன்.

கீழ்வேளூர்ப் பக்கம் மைக்செட் பாயைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. எந்தக் கட்சி மேடையானாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான். தலைவர் பேசுவதெல்லாம் நான் எழுதிக் கொடுப்பது என்பது ஊரில் அவர் ஒருவருக்கே தெரியும். இப்போது உங்களுக்கும்.

போன வருட நடவு சமயத்தில் இரண்டு கூட்டங்கள். முதல் கூட்டத்தில், கடல் தாண்டி எங்கோ வீடிழந்து துரத்தப்பட்டவர்களுக்காகத் தலைவரின் குரல் தழுதழுத்தது. உலகத்தில் எந்த மனிதனும் அந்நியன் இல்லை என்று எழுதியிருந்தேன். பெண்கள் அழுதார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டே பாய் கேட்டார்: “நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அடுத்த வாரமும் இதையே எழுதுவீங்களா?” அசடு வழியச் சிரித்தேன்.

அடுத்த வாரம் எழுதியது வேறு. நடவுக்கு வந்திருக்கும் வடக்கத்தி ஆட்கள் நம் மண்ணைப் பறிக்க வந்தவர்கள், ஊரில் தங்க விடாதீர்கள் என்று. அவர்கள் தங்கியிருந்தது கிழக்கே, களத்துமேட்டுக் கொட்டகையில். அன்று காலை தலைவரின் வயலில் நட்டதும் அவர்கள்தான். வெட்கக்கேடு.

எப்போதும் நாலு திசைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற பாய், அன்று மூன்றோடு நிறுத்திவிட்டார். கிழக்குக் கம்பம் மொட்டையாக நின்றது.

“அவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே பாய், கேட்டா என்ன?” என்றேன்.

“அரபு நாட்டுல வேலை பார்த்தப்ப எங்க கேம்ப் வாசல்ல ஒரு நாள் மைக் வச்சுக் கத்துனாங்க தம்பி. ஒரு வார்த்தை புரியல. அத்தனை பேரும் கட்டிலுக்கு அடியில கிடந்தோம். பயப்படுறதுக்கு பாஷை எதுக்கு?”

சொல்லும்போதே அவர் கை நடுங்கியது. தலைவரை நினைத்தும் அவருக்குப் பயம்தான். “தலைவர் கேட்டா, குழாய் ரிப்பேருன்னு நீங்களே சொல்லிடுங்க தம்பி” என்று கெஞ்சினார். தலைவர் கேட்டார். அப்படியே சொன்னேன்.

இந்த நடவுக்கும் அவர்கள் வந்திருக்கிறார்கள். கொட்டகையில் இம்முறை கைக்குழந்தைகளும் உண்டு. நாளைக் கூட்டத்துக்கு, பாய்க்கு முடியாமல் போனதிலிருந்து வருகிற புது மைக்செட்காரர் நாலு குழாயும் கட்டிவிட்டார். போன வருடத்துப் பேச்சையே இன்னும் காரமாகக் கேட்டிருந்தார் தலைவர்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கை நடுக்கம் ஒன்றுதான். எழுதிய தாள்களை அந்த நடுக்கத்தோடுதான் கிழித்தேன். தலைவர் வீட்டிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.