புளிக்குத் தப்பிய ரோமாபுரிக் காசுகள்

பழம்பொருள் கண்டெடுத்தால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த அதிகாரி வந்து பார்வையிட வேண்டும். விதி இவ்வளவுதான். முதல் பாதியை நாங்கள் அன்றே நிறைவேற்றினோம். இரண்டாம் பாதிக்காகக் காத்திருந்த காலத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

அருங்காட்சியகப் பணியில் ஓய்வு பெற்று, கடலோரக் கிராமமான குறிஞ்சிப்பிட்டியில் குடியேறியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டியபோது மண்முட்டி ஒன்று உடைந்து, சின்னச் சின்னப் பச்சைக் காசுகள் கொட்டின. நான் வேலியால் எட்டிப் பார்த்தபோது கரைத்த புளியோடு நின்றாள்.

"ஐயோ பிள்ளை, போடாத!"

"பாசி பிடிச்சிருக்கு சேர். மாதா கோயில் விளக்கையே நான்தான் மினுக்கிறனான்."

"அது பாசி இல்லை. அந்தப் பச்சைத் தோலிலதான் எழுத்து நிக்குது. உரிச்சா ராசாவும் போயிடுவார்."

ஒரு காசை விளிம்பில் பிடித்து வெயிலில் சரித்துக் காட்டினேன். முத்துக் கோத்த தலைப்பட்டி, சுற்றிலும் லத்தீன் எழுத்து, ரோமாபுரிப் பேரரசர். மறுபக்கம் மாலைக்குள் ஒரு சிலுவை. அவள் புளியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்றே தொல்பொருள் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதி அறிவித்தோம். ஒருவரும் வரவில்லை. வெண்கலத்துக்கு உப்புக்காற்று எமன். வாகனப் பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனிக் கடதாசியில் மடித்தோம். என் மாத்திரைப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொதிகள் முதல்தடவையாகப் பயன்பட்டன. ஒரு காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்தது. அம்மை கண்ட பிள்ளையைப் போல அதை வேறு டப்பாவுக்கு மாற்றினோம்.

"சேர் காசுக்கு ஆஸ்பத்திரி நடத்துறார்" என்று அவள் புருஷன் கடற்கரையெல்லாம் சொல்லிச் சிரித்தான். சிலாபத்திலிருந்து வியாபாரி ஒருவன் தேடி வந்த பிறகு சிரிப்பு நின்றது. "அரசாங்கம் வராது சேர், குடுத்திடுவமா?" என்றான் புருஷன். சட்டத்தைச் சொல்ல நான் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"சிலுவை போட்ட காசை விக்கிறதோ? உங்கட வள்ளத்தை வில்லுங்கோ!"

என் பங்குக்கு நினைவூட்டல் எழுதினேன். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டி எழுதினேன், மேலதிகாரிக்குப் பிரதியோடு. கடைசியில் என் முதல் கடிதத்துக்கான பதிலைக் கையிலேயே கொண்டு ஓர் அதிகாரி வந்தார். உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறதே, யார் பராமரித்தது என்று கேட்டார்.

"நானும் சேரும்" என்றாள்.

எத்தனையோ பாராட்டுக் கடிதங்களோடு ஓய்வு பெற்றவன் நான். இன்றுவரை நெஞ்சை நிமிர்த்தி நடக்க வைப்பது அந்த "நானும் சேரும்" மட்டும்தான். பதில் வந்த தேதியையும் பதிந்துவிடுகிறேன்: தலவில தேவாலயத் திருவிழாவுக்குக் கொடியேறிய நாள்.