பின்படிக்கட்டு விளக்கு: பதினோரு நிமிடம்

இதைக் கற்பனை என்று நினைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம். ரேச்சல் என்னிடம் சொன்னது இது. அவள் குறித்து வைத்த நேரங்களைக்கூட நான் மாற்றவில்லை. பள்ளியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

ரேச்சலுக்கு நாசரேத். கட்டடங்களின் மின்பாதுகாப்பைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், தூத்துக்குடியில் வேலை. சென்ற நவம்பர் பத்தாம் தேதி, தருவைகுளம் போகும் சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்கு அவள்தான் சான்று கொடுத்தாள். மின்சாரம் போனால் படிக்கட்டின் அவசர விளக்கு ஒரு மணி நேரம் எரிய வேண்டும். கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்று மழை. பத்து நிமிடம் பார்த்தாள். படிவத்தில் ‘60’ என்று எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாளே மதுரைக் கிளைக்கு மாற்றல். அந்த அறுபது மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த நவம்பரில் மீண்டும் தூத்துக்குடி. மீண்டும் அதே பள்ளி. விளக்கு சீக்கிரம் அணைந்து, அதை உள்ளபடி எழுதினால், பழைய பொய் வெளியே வரும். வேலை போகும்.

வெயில் வெளிச்சம் அளவைக் கெடுக்கும் என்பதால் இருட்டிய பிறகுதான் சோதனை. வாட்ச்மேன் அம்புரோஸ் மேலே வர மறுத்தார்.

“முட்டு வலிக்கி மேடம்.”

“இப்பத்தான அண்ணாச்சி முருங்க மரத்துல நின்னீங்க?”

“மரம் வேற. அந்தப் படி வேற.”

சார்ஜ் தீர்ந்த செல்போனை அவரிடம் விட்டுவிட்டு, வெளிச்சத்தை எண்ணாகக் காட்டும் லக்ஸ் மீட்டரோடு அவள் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். மேல்படியில் உட்கார்ந்தாள்.

6:20. அம்புரோஸ் கீழே மெயினை அணைத்தார். படி திரும்பும் வளைவில் அவசர விளக்கு எரிந்தது. மீட்டரில் 6.0.

6:23. படிவத்தை எடுத்தாள். இந்த முறையும் முன்கூட்டியே ‘60’ என்று எழுதினாள்.

6:27. யாரோ எண்ணும் சத்தம். மெதுவாக. ஒண்ணு... ரெண்டு... அம்புரோஸ் பொழுது போகாமல் எதையோ எண்ணுகிறார் என்று நினைத்தாள்.

ஆனால் அது பெண் குரல்.

6:31. பதினெட்டு...

விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. மீட்டரின் சின்னத் திரையில் 0.0. எண்ணுவது நிற்கவில்லை. முப்பத்தொண்ணு... முப்பத்திரெண்டு...

நின்றது.

யாரோ காத்திருப்பதுபோல இருந்தது.

சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு படி இறங்கினாள். மீட்டர் 0.4 காட்டியது. அந்தத் திரையைத் தவிர கண்ணுக்கு ஒரு வெளிச்சமும் இல்லை.

இன்னொரு படி. 3.5.

இருட்டு அப்படியே இருந்தது. எண் மட்டும் ஏறியது...

வளைவு. 40.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

தலையில் ஏதோ பட்டது. லேசாக.

“முப்பத்திமூணு.”

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

“அண்ணாச்சி... மேல யாரு எண்ணுறது?”

அம்புரோஸின் முகம் மாறியது. “எதுவரைக்கும் கேட்டுது?”

“முப்பத்திமூணு.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “ஒரு வருஷமா முப்பத்திரெண்டோட நிக்கும் மேடம்.”

பிறகு சொன்னார். சென்ற நவம்பர், சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். கரண்ட் போனது. இன்பமணி டீச்சர் அந்த வளைவில் நின்று பிள்ளைகளை எண்ணி எண்ணி இறக்கினார். பாதியிலேயே விளக்கு அணைந்தது.

“முப்பத்திரெண்டுதான் வந்துச்சு. ஒரு பிள்ள அன்னைக்கு லீவு. டீச்சருக்கு அது நெனப்பில்ல. மேல நிக்குதோன்னு இருட்டுல தேடிப் போனாவ... உருண்டு விழுந்துட்டாவ. உசுரு தங்கல.”

மழையில் வழுக்கியதாகப் பள்ளி எழுதிக்கொண்டது.

“எந்தத் தேதி அண்ணாச்சி?”

“பதினாலு.”

அவள் சான்று கொடுத்த நான்காம் நாள்.

ரேச்சல் அங்கேயே ‘60’ஐ அடித்தாள். ‘11. சென்ற ஆண்டு நான் எழுதிய 60 பொய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வேலை போயிற்று. விசாரணை வந்தது. அங்கே ஒரு மாணவி சொன்னாள்.

“இருட்டுல ஆளு தெரியலல்லா சார். அதான் டீச்சர் ஒவ்வொருத்தர் தலையிலயும் கைய வச்சு எண்ணுனாங்க. கை பூரா சாக்பீஸ் தூளு...”

அந்த வளைவிலிருந்து ஓடி வந்த இரவு, வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி ரேச்சலுக்கு அப்போது நினைவு வந்தது.

“ஏளா, தலையில என்ன வெள்ளையா?”