பொட்டு வைத்த ஃப்ரீசருக்கு வக்கீல் செலவு

ஐஸ்கிரீமை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் அதற்குப் பெயர் தொழில் இல்லை. கடத்தூர் சந்தையில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பிளஸ் டூவைப் பாதியில் விட்டு, அம்மாவின் கம்மலை அடகு வைத்து வாங்கிய புது ஃப்ரீசர் வந்த வாரமே குளிரை நிறுத்திவிட்டது. வாரன்டி கார்டை நம்பி வாழும் பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

தக்காளி ஏற்றிவரும் டெம்போ டிரைவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "பாயசம் நல்லாத்தான் இருக்குது தம்பி. முந்திரி போடலையா?"

மெக்கானிக் பார்த்தது

கம்பெனி மெக்கானிக் மூடியைத் திறக்கவே இல்லை. பின்பக்கம் குனிந்தார். நம்பர் ஸ்டிக்கர் மேல் சந்தனப் பொட்டு. புது மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் நம்ம ஊரில் யார் கரண்ட் கொடுப்பார்கள்? 'ஸ்டிக்கரில் வேறு பொருள் பூசியதால் வாரன்டி கிடையாது' என்று எழுதினார்.

"பொட்டுக்கும் குளிருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"எனக்கும் தெரியலைங்க தம்பி. எங்க வூட்டு ஃப்ரிஜ்ஜுக்கும் பொட்டு வெச்சுத்தான் இருக்குது."

வக்கீல் வாய் திறந்தது

தருமபுரியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். "மொத்தம் எவ்வளவு ஆகுங்க சார்?" என்றேன். நோட்டீஸுக்குத் தனி, மனுவுக்குத் தனி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனி, டைப்பிங்கும் ஜெராக்ஸும் அதில் சேராது என்றார். மொத்தம் மட்டும் வாயில் வரவில்லை. ஜெயித்தால் இந்தச் செலவு திரும்ப வருமா என்றேன். கேட்கலாம், ஆனால் கோர்ட் தனக்குத் தோன்றுவதைத்தான் கொடுக்கும் என்றார்.

அவர் டீ குடிக்கப் போனதும் குமாஸ்தா அக்கா குரலைத் தாழ்த்தினார்: "இத்தனை சின்ன கேஸுக்கு நுகர்வோர் கோர்ட்டுல கட்டணமே இல்ல கண்ணு. வக்கீல் இல்லாம நீயே பேசலாம். நான் சொன்னேன்னு சொல்லிடாத."

ஃப்ரீசர் விற்ற கடை மேலும் கம்பெனி மேலும் நோட்டீஸையும் மனுவையும் மட்டும் வக்கீலிடம் எழுதி வாங்கினேன். வாய்தாவுக்கு நானே பஸ் ஏறினேன்.

ஈரத்துணி

ஃப்ரீசரைச் சோதிக்க கோர்ட் ஒரு இன்ஜினியரை அனுப்புவதாகச் சொன்னது. விஷயம் தெரிந்து வக்கீலே போன் செய்தார். இன்ஜினியர் வருவதற்குள் பொட்டைத் துடைத்துவிட வேண்டுமாம், நம்ம கேஸுக்கு அதுதான் ஓட்டையாம். அம்மா ஈரத்துணியோடு வந்தது. "கம்மல் திரும்பி வரணும்னா வக்கீல் சொல்றதக் கேளுடா."

துணியைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். வாங்கிய அன்று எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார் ஃப்ரீசர் விற்ற கடை முதலாளி. போட்டோவில் என் ஃப்ரீசருக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே பொட்டு வைப்பவரும் அவர்தான்.

இன்ஜினியர் போட்டோவையும் பார்த்தார், பொட்டையும் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றினார். கம்பெனியிலேயே சரியாக ஒட்டாத ஒரு குழாயில் குளிரூட்டும் வாயு கசிந்திருந்தது. அவர் அறிக்கை போன மறுநாள் கடை முதலாளி கூப்பிட்டார்: "எதுக்கு தம்பி கேஸு கீஸுன்னு? புது மிஷினே அனுப்பறேன். பொட்டு மட்டும் நீயே வெச்சுக்க."

வக்கீல் எனக்கு இலவசமாகச் சொன்னது பொட்டைத் துடைக்கச் சொன்ன அந்த ஒரு யோசனைதான், நான் துடைக்கவில்லை.