கட்டுநாயக்கவில் மூன்று நாள் இஹ்ராம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.10க்கு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்து, மக்காவுக்குப் போய்ச் செய்யும் உம்ராவுக்கு நிய்யத் வைத்தேன். விமானம் 9.40க்கு.

அந்த விமானம் இன்றுவரை வரவில்லை.

நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து சொல்வதில்லை. டயரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும் — எதையும் நேரத்துக்கு முன்னால் முடிக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

கூட வந்தது ராத்தா, என் மூத்த அக்கா. வயது அறுபத்து நாலு. மச்சான் மௌத்தான பிறகு, அவர் விட்டுப்போன வயலின் விளைச்சலைப் போகம் போகமாகச் சேர்த்து வெளிக்கிட்ட பயணம். விமானத்தில் ஏறுவதே முதல் தடவை. புறப்படும் முன், பத்து வருடமாகப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்கும் போய் மாப்புக் கேட்டுவிட்டு வந்தவ. வேலிப் பிரச்சினை. யார் பக்கம் நியாயம் என்று இப்போது எழுதினால் மறுபடி தொடங்கிவிடும்.

டிக்கட் எடுத்தது நான். மலிவு விமானக் கம்பனி. கல்முனையில் பயண ஏஜென்சி நடத்தும் நியாஸ், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவன், அப்போதே சொன்னான்.

"காக்கா, இந்தக் கம்பனி ஆட்டம் காணுது. பிளேனெல்லாம் வாடகைக்கு எடுத்தது. வாடகை கட்டல்ல எண்டு கதை. கொஞ்சம் கூடக் குடுத்து மத்ததில போங்க."

"கடனில்லாத கம்பனி எது தம்பி இருக்கு?" என்றேன். விலை அவ்வளவு குறைவு... மலிவாகப் பிடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

இஹ்ராம் என்றால் இரண்டு வெள்ளைத் துணி என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். விசயம் துணியில் இல்லை, நிய்யத்தில். 'உம்ராவில் நுழைந்துவிட்டேன்' என்று மனதில் உறுதி வைத்த நொடியிலிருந்து வாசனை கூடாது, நகம் வெட்டக் கூடாது, முடி களையக் கூடாது. உம்ராவை முடித்தால்தான் விடுதலை. அதனால் உடுப்பை விமான நிலையத்தில் மாற்றினாலும், நிய்யத்தை ஆகாயத்தில், மக்கா போகிறவர் இஹ்ராம் இல்லாமல் தாண்டக் கூடாத எல்லை நெருங்கும்போதுதான் பெரும்பாலானோர் வைப்பார்கள்.

ராத்தாவும் அதைத்தான் சொன்னா. "பிளேன்ல வெப்போம் தம்பி. மௌலவி அப்பிடித்தானே சொன்ன?"

"பிளேன்ல நித்திரை போயிட்டா? எல்லை தாண்டிரும். இப்பவே வெச்சாக் குத்தமில்ல ராத்தா."

வைத்தோம்.

7.30க்குப் பலகையில் 'தாமதம்'. 9.00க்கும் 'தாமதம்'. 10.15க்கு அந்த வரியே பலகையில் இல்லை. கவுண்டரில் நாலு பேர் இருந்தார்கள், இரண்டாகி, ஒன்றானது. தொழில்நுட்பக் கோளாறாம். எனக்குப் பின்னால் நின்ற பேருவளை வியாபாரி ஒருவர் போனில் வந்த செய்தியை நீட்டினார்.

"கோளாறு பிளேன்ல இல்ல ஹாஜி, கம்பனியில. வாடகைக்குக் குடுத்தவன் பிளேன அங்கயே புடிச்சி வெச்சிட்டான்."

ராத்தா என்னைப் பார்த்தா. "அப்ப... நாம இப்ப என்ன?"

நல்ல கேள்வி. ஊர் மௌலவிக்குப் போன் எடுத்தேன். "வழி முழுசா அடைபட்டா ஆடு அறுத்து, முடியெடுத்து வெளியாகலாம். அது கடைசி வழி. வேற பிளேன் கிடைக்குமெண்டா அப்பிடியே இருங்க" என்றார். பிறகு கேட்டார்: "அங்க வெச்சி நிய்யத் வைக்கச் சொன்ன ஆரு?"

நான் போனை ராத்தாவிடம் கொடுக்கவில்லை.

"ஆடு அறுத்துப்போட்டு ஊருக்குத் திரும்பவா நான் வீடு வீடா மாப்புக் கேட்டன்?" என்று கேட்டவ அழுதுவிட்டா. அந்தக் கண்ணீர் என் கணக்கில் எழுதப்பட வேண்டியது. எழுதியும் வைத்திருக்கிறேன்.

அடுத்த போன் நியாஸுக்கு. 'சொன்னேன்தானே' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. அதற்கே அவனுக்கு ஒரு நன்றி.

"மத்தத நான் பாக்கன் காக்கா. கவுண்டர் பூட்ட முந்தி, பிளேன் ரத்து எண்டு கடிதம் எடுங்க. சீல் வேணும். இல்லாட்டி மக்காவில ஹோட்டல்காரன், நீங்க வரல்லயெண்டு அறைய வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

கவுண்டரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண்பிள்ளை. சுற்றி நின்று ஆளாளுக்குச் சத்தம். ஒருவர் பாஸ்போட்டைத் தூக்கி மேசையில் எறிந்தார். நான் என் நொண்டிச் சிங்களத்தில் தொடங்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தமிழ்லயே கதைங்க அங்கிள். உங்கட சிங்களத்திலயே ஊர் தெரியுது. நான் பாண்டிருப்பு."

பாண்டிருப்பு, கல்முனையை ஒட்டிய தமிழ் ஊர். பெயர் தர்ஷினி. கம்ப்யூட்டரை மேலிடம் பூட்டிவிட்டதாம். கடிதங்களைக் கையாலேயே எழுதினாள். பெயர், பாஸ்போட் இலக்கம், விமான இலக்கம், கையெழுத்து, சீல். கேட்ட ஒவ்வொருவருக்கும். நான் எண்ணினேன் — முப்பத்தேழு கடிதம். முடியும்போது பகல் 1.20.

"மத்தவங்கெல்லாம் எங்க மகள்?" ராத்தா கேட்டா.

"போயிட்டாங்க ஆன்ட்டி. மூணு மாசமா சம்பளமில்ல. இண்டைக்கு மெனேஜரும் போன் எடுக்கிறாரில்ல."

"அப்ப நீ ஏன் இருக்காய்?"

"சீல் என்ட கையிலதானே கிடக்கு."

அன்று பின்னேரம் தர்ஷினி ராத்தாவை, பக்கத்திலே சீதுவயில் தான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பக்கத்துப் பள்ளிவாசலில். இறைச்சி ஹலாலா என்ற கேள்வியே வராமல் மீனும் பருப்பும் மட்டும் சமைத்தாள், "ஆன்ட்டி யோசிக்காமச் சாப்பிடட்டும்" என்று. ராத்தாவுக்கு வாசமில்லாத சோப் தேடி நாலு கடை ஏறியிருக்கிறாள். ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துத் திருப்பி வைத்தவளைக் கண்டு, "மணக்காத சோப்புக்கு ஏன் தங்கச்சி காசு?" என்று ஒரு கடைக்காரர் கேட்டாராம். கடைசியில் ஒரு பார்மசியில் கிடைத்தது.

ராத்தா அந்த மூன்று நாளும் தலை வாரவில்லை. ஒரு முடி உதிர்ந்தாலும் குற்றமாகிவிடுமோ என்ற பயம். நான் என் நகங்களை ஒரு நாளும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

சீட் எங்கும் இல்லை. நியாஸ் கல்முனையிலிருந்து தேடினான். தர்ஷினி வேறு கம்பனிக் கவுண்டரில் இருந்த தோழியிடம் சொல்லி வைத்தாள். புதன் மாலை 4.35க்குத் தோழியின் போன்: நாளைக்கு இரண்டு பேர் வரவில்லையாம். பத்து நிமிடத்தில் நியாஸ் டிக்கட்டை அனுப்பினான். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்ததைப் போல மூன்று மடங்கு போனது. போகட்டும்.

வியாழன் காலை 11.05க்கு விமானம் மேலே எழும்பியது. ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இதோ வந்துவிட்டேன் இறைவா' என்ற தல்பியாவைச் சொல்லிக்கொண்டிருந்தா. மக்காவில் அறை அப்படியே இருந்தது — அந்தக் கைக்கடிதத்தால். உம்ரா முடிந்து, இஹ்ராமிலிருந்து விடுபட ராத்தா தன் முடியின் நுனியைக் கத்தரித்தபோது விம்மி விம்மி அழுதா. நானும்தான்.

விமானக் கம்பனி தள்ளாடும்போது பயணிக்கு வரும் ஆபத்துகளை இப்போது நான் வரிசையாகச் சொல்ல முடியும். ஆனால் ஒன்றை மட்டும் யோசிக்கிறேன். டிக்கட் அவ்வளவு மலிவாக இருந்ததே, மீதியை யார் கட்டினார்கள்? மூன்று மாதமாகச் சம்பளமில்லாமல் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள்தான் என் டிக்கட்டின் ஒரு பங்கைக் கட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவுமில்லை.

கஃபாவை முதன்முதல் காணும்போது கேட்கும் துஆ, அந்த வேண்டுதல், வீண்போகாது என்பார்கள். ராத்தா அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டாவாம். இன்னும் கிடைக்கவில்லை, தர்ஷினியுடன் போன வெள்ளிக்கிழமையும் கதைத்தேன். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

கம்பனியிடம் பணம் திருப்பிக் கேட்கும் படிவத்தை இந்த வாரம் நியாஸ் அனுப்பியிருக்கிறான். நிரப்பிவிட்டேன். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: 'முதலில் உங்கள் ஊழியர்களுக்குக் கொடுங்கள், நான் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன்.'