மோட்டார் நின்றதும் கேட்ட மூச்சு

கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து அறைக்குள் ஆசைக்கு ஒரு மீன்தொட்டி வைத்திருந்தேன். "மூடி போடுங்க, சுவரெல்லாம் ஈரம் ஊறுது" என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். பனிதான் காரணம் என்று வாதாடினேன்.

ஒரு மாலை கரண்ட் போய், தொட்டி மோட்டாரின் இரைச்சல் நின்றது. அப்போதுதான் கட்டிலில் படுத்திருந்த மகளின் மூச்சு விசிலடிப்பது கேட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ, எவ்வளவு நேரமா இழுக்குதோ!" என்று மனைவி அலறினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, ரோட்டில் வந்த ஆட்டோவை மறித்துக் கெஞ்சினேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரான பிறகு, "வீட்டுல ஈரம் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். மனைவி பிள்ளையின் போர்வையை இழுத்து விட்டாள். மூடியில்லாத தொட்டியையும் அவள் எச்சரித்ததையும் நான்தான் சொன்னேன்.

மறுநாளே தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, சத்தம் குறைய மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்து, தொட்டியை வாசல் பக்கம் மாற்றினேன். மனைவி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.