மரியரஞ்சனி போடாத கையெழுத்து

ஒஸ்லோவில் பன்னிரண்டு வருடம் மரியரஞ்சனிக்குத் துடைப்பமும் வாளியும்தான் சோறு போட்டன. 2004இல் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தபோது அவள் குடியிருந்த வெஸ்ட்லி மாடிக் கட்டடமே மூக்கின் மேல் விரல் வைத்தது.

அறுபதுகளில் பறந்த ஒரு செயற்கைக்கோள், தன்மேல் பட்ட விண்கதிர்த் துகள்களை எண்ணி அனுப்பியிருந்தது. வடக்கே ஒரு நிலையத்தில் அந்தக் கணக்கை மைப்பேனா காகிதச் சுருளில் கோடாக இழுத்தது. நூற்றிருபத்தெட்டுத் துகள் பட்டால் கோடு ஏறும், இன்னொரு நூற்றிருபத்தெட்டுக்கு இறங்கும். படிகள் நெருங்கினால் துகள் அதிகம். அவற்றை அளந்து கணினியில் ஏற்றுவதுதான் வேலை.

மேலதிகாரி கிரிதர் சென்னைக்காரன், கெட்டிக்காரன், அவசரக்காரன். செயற்கைக்கோள் வடக்கே போகப் போகத் துகள் கூட வேண்டும். பதினொரு சுருள்களில் மட்டும் குறைந்தது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று அவன் தரையில் நிற்கவில்லை. அடுத்த வாரம் பெர்கன் நகரில் ஆய்வாளர் கூட்டத்தில் அதைப் பேச வேண்டும். சரிபார்ப்புத் தாளில் மரியரஞ்சனியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று சுருளை விரித்தவள், அதைத் தூக்கிக்கொண்டு கிரிதரிடம் போனாள்.

"தம்பி, இந்தப் பதினொண்டையும் நான் வாலிலை இருந்து வாசிச்சிட்டன். பிழை என்ரைதான். ஆரோ அந்தக் காலத்திலை ஓடி முடிஞ்ச சுருளைத் திருப்பிச் சுத்தாமல் வைச்சிட்டினம்."

"தலைகீழா இருந்தா தெரியாதா மேடம்?"

"ஏறி இறங்கிற படி எப்பிடிப் பிடிச்சாலும் ஒண்டுதானே. மைப் பொட்டைப் பாருங்கோ. ஓடி முடிஞ்சு கடதாசி நிண்ட இடத்திலைதான் பேனை மை கக்கும். முடிவிலை இருக்க வேண்டியது தொடக்கத்திலை நிக்குது."

"மை எங்க வேணா சிந்தும். நீங்க அளக்க வந்தவங்க, ஆராய்ச்சி பண்ண இல்ல. வெள்ளிக்கிழமை உங்க காண்ட்ராக்ட் முடியுது. நான் எழுதினாத்தான் நீட்டிப்பாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் வீதித் திணைக்களத்தில் ஒன்பது வருடம் படவரைஞராக மைப்பேனாவோடு மாரடித்தவளுக்கு மை எங்கே சிந்துமென்று இவன் பாடம் எடுக்கிறானாம்!

"துடைக்கிற வேலை எனக்குப் புதிசில்லை தம்பி. பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைக்க மாட்டன்."

கையெழுத்துக்கான இடத்தில், பதினொரு சுருள்களும் பின்னாலிருந்து வாசிக்கப்பட்டவை என்று நோர்வேஜிய மொழியில் பெரிதாக எழுதினாள். ஒரு பிரதியைப் பிரிவுத் தலைவரின் தபால் பெட்டியில் போட்டாள். அவர் விடுமுறையில் இருந்தார். வெள்ளியோடு வேலை போனது. திங்கட்கிழமை லில்லெஸ்ட்ரோமில் ஒரு பாடசாலை நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் அதே மாடிக் கட்டடத்துப் புஷ்பமலர் பிடித்துக்கொண்டாள். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே?"

"பன்னிரண்டு வருசம் சும்மாதானே இருந்தனான். என்ன கண்டது?" என்று கத்தரிக்காயைப் பொறுக்கினாள். உள்ளுக்குள் வேலை போனது வலிக்கத்தான் செய்தது. அதற்காகச் சொன்னதை மாற்றுவாளா?

மூன்றாம் வாரம் கிரிதர் தொலைபேசியில் வந்தான்.

"மேடம், உங்க கையெழுத்து இல்லாமலே போய்ப் பேசினேன், பெர்கன்ல என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. லீவு முடிஞ்சு வந்த தலைவர் உங்க தாளைக் காட்டினார். சுருளைத் திருப்பிப் படிச்சோம். வடக்கே கூடுதுதான். மீதி நூறு சுருள் கிடக்கு. நாளைக்கே வந்துடுங்க."

கையுறையைக் கழற்றி வாளியின் விளிம்பில் போட்டாள்.

"நான் சொன்னது சரியெண்டு எழுதி, உங்கடை கையெழுத்தை வைச்சு அனுப்புங்கோ. கடிதம் வந்தாப் பிறகு வாறன்."

"ஃபோன்லயே சொல்றேனே மேடம்?"

"ஓம், கேட்டது. எழுதுங்கோ."